வெளிச்சம் மங்கினால் வைட்டமின் இருக்கிறதா?

எங்கள் தெரு மளிகைக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊதா டார்ச் எப்போதும் கிடக்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தால் அண்ணாச்சி அதை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுவார். நல்ல நோட்டில் வரிசை எண் பளிச்சென்று எரியும். தாள் இருண்டு கிடக்கும். சாதாரண வெள்ளைத்தாளில் அடித்தால் தாளே நீலமாக ஒளிரும். தாளை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்காக ஆலையில் ஒரு ஒளிர்பொருளைச் சேர்க்கிறார்கள். சோப்புத்தூளிலும் அதேபோல ஒன்று உண்டு, அதனால் வெளுத்த வேட்டியும் எரியும்.

ஒருநாள் அந்த டார்ச்சைக் கடன் வாங்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பி காம்ப்ளக்ஸ் கேப்சூல் ஒன்றைப் பிரித்துக் கொட்டிக் கலக்கி, கடையிலேயே அடித்துக் காட்டினேன். மஞ்சள் தண்ணீர் சட்டென்று பச்சை கலந்த மஞ்சளாக எரிந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏ தம்பி, கள்ளநோட்டைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி போலி மாத்திரையையும் இது காட்டிக் கொடுத்துருமா?"

அன்று நான் சொன்ன பதில் "ஓரளவுக்கு" என்பதுதான். அந்த ஓரளவு எவ்வளவு என்று சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒளிரும் பொருளைக் கொண்டு மருந்துக்குள் இருக்கும் வைட்டமினை அளப்பது பற்றிக் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் எது உண்மையிலேயே வேலைக்கு ஆகும், எது ஆய்வகத்தோடு நின்றுவிடும் என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: அந்த முறை வெளிச்சத்தைத் தேடுகிறதா, மங்கலை அளக்கிறதா?

முதலில் டம்ளருக்குள் நடந்தது என்னவென்று பார்த்துவிடலாம். எரிந்தது ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. அதன் மூலக்கூறு ஊதா, நீல ஒளியை விழுங்குகிறது. சுமார் 445 நானோமீட்டர் அலைநீளத்தில் அதற்குப் பசி அதிகம். விழுங்கிய ஆற்றலில் ஒரு பகுதி மூலக்கூறின் அதிர்வாகக் கரைந்து வெப்பமாகிவிடும். மிச்சம் சில நானோவிநாடிகளில் 525 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியாக வெளியே வருகிறது. உள்ளே போனதைவிட வெளியே வரும் ஒளிக்கு ஆற்றல் குறைவு, அலைநீளம் அதிகம். பள்ளிப் பாடநூலில் உடனொளிர்தல் என்று படித்தது இதைத்தான். விளக்கை அணைத்தால் இதுவும் உடனே அணைந்துவிடும். இருட்டிலும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருக்கும் ஸ்டிக்கர் நட்சத்திரங்கள் வேறு வகை, அது நின்றொளிர்தல்.

இந்த விஷயத்தை முதலில் ஒழுங்காக விளக்கிய சோதனையே ஒரு மருந்தை வைத்துத்தான் நடந்தது. 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், மலேரியா மருந்தான குயினைன் கரைசலைச் சோதனைக்குழாயில் எடுத்து, பட்டகத்தால் பிரித்த சூரிய ஒளியின் குறுக்கே நகர்த்தினார். சிவப்பில், மஞ்சளில், பச்சையில் ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவைத் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டுப் பகுதிக்குள் குழாய் போனபோது அது நீலமாக எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். இன்றைக்கும் குயினைன் சேர்த்த டானிக் வாட்டர் பாட்டிலில் ஊதா டார்ச் அடித்தால் அதே நீலம் தெரியும். ஒரு பொருள் எவ்வளவு திறமையாக ஒளிர்கிறது என்று ஒப்பிட ஆய்வகங்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் குயினைன் சல்ஃபேட்டும் ஒன்று.

சரி, அளப்பதற்கு ஒளிர்வு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? சாதாரண நிறமானியில் ஒரு கரைசல் வழியாக ஒளியைச் செலுத்தி, எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறோம். பொருள் மிகக் கொஞ்சம் இருந்தால், போன ஒளிக்கும் வந்த ஒளிக்கும் வித்தியாசமே தெரியாது. திருவிழாத் தோரணத்தில் ஆயிரம் சீரியல் விளக்குகள் எரியும்போது ஒன்று அணைந்துபோனதைத் தெருவில் நின்று கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அதுபோல. ஒளிர்வை அளக்கும்போது விளக்கு ஒரு பக்கம், கண் இன்னொரு பக்கம், செங்கோணத்தில் இருக்கும். விளக்கின் ஒளி கண்ணுக்கு நேராக வராது. பின்னணி இருட்டு. மின்சாரம் போன தெருவில் ஒரே ஒரு அகல் எரிந்தால் அது எத்தனை சின்னதானாலும் கண்ணில் படும். ஒளிர்வு முறையின் பலம் மொத்தமும் அந்த இருட்டில் இருக்கிறது.

ரிபோஃப்ளேவின் தானே ஒளிர்வதால் அதற்கு இந்தப் பலம் இலவசமாகக் கிடைத்துவிட்டது. மருந்துத் தொழிற்சாலைக்காரர்கள் இதை வைட்டமின் அளவுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. பெரிய கலவைத் தொட்டிகளைக் கழுவும் தெளிப்பான் எல்லா மூலைக்கும் தண்ணீர் அடிக்கிறதா என்று பார்க்க, தொட்டியின் உட்புறம் முழுக்க ரிபோஃப்ளேவின் கரைசலைத் தெளித்து, ஒருமுறை கழுவிவிட்டு, விளக்கை அணைத்து ஊதா விளக்கால் பார்ப்பார்கள். பச்சை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே தண்ணீர் படவில்லை. சத்துமாத்திரைக்குள் போகிற அதே பொருள்தான் என்பதால் விஷம் என்ற பயமும் கிடையாது.

தானே ஒளிராத வைட்டமின்களுக்கு என்ன வழி? தயமின் என்கிற பி1 கதை இந்தத் துறையிலேயே எனக்குப் பிடித்தது. அரிசித் தவிட்டில் ஏதோ இருக்கிறது, அதை நீக்கித் தீட்டிய அரிசியைத் தின்றால் பெரிபெரி வருகிறது என்று டச்சுக்காரர் எய்க்மன் ஜாவா தீவில் கோழிகளை வைத்துக் கண்டுபிடித்ததில் தொடங்குகிறது அது. அதே ஜாவாவின் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், 1926இல் யான்சன், டோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எந்தச் சாற்றில் சத்து இருக்கிறது என்று பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. சின்னஞ்சிறு நெல்குருவிகளுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்து, கூடவே சாற்றையும் கொடுத்து, குருவி நோயில் விழுகிறதா இல்லையா என்று நாள்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் குருவிகள்.

பத்து ஆண்டு கழித்து, 1936இல், அதே யான்சன் குருவியைக் கைவிட ஒரு வழி சொன்னார். தயமின் கரைசலைக் காரமாக்கி, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு சேர்த்தால் அது தயோக்ரோம் என்ற பொருளாக மாறுகிறது. தயமினில் தனித்திருந்த இரண்டு வளையங்களுக்கு நடுவே மூன்றாவது வளையம் மூடிக்கொள்கிறது. தட்டையான, விறைப்பான மூலக்கூறு. ஆடி அசைந்து ஆற்றலை வெப்பமாக வீணாக்க அதற்கு இடமில்லை, அதனால் நீலமாக எரிகிறது. அதை ஐசோபியூட்டனால் என்ற கரைப்பானுக்குள் இழுத்துவிட்டால், தண்ணீரில் கரையும் மற்றச் சரக்கெல்லாம் கீழே தங்கிவிடும், தயோக்ரோம் மட்டும் மேலடுக்குக்கு வந்துவிடும். அந்த அடுக்கின் நீலத்தை அளந்தால் கணக்கு முடிந்தது. குருவி வாரக்கணக்கில் சொன்ன பதிலை இது அரைநாளில் சொல்லிவிடும். தொண்ணூறு ஆண்டு ஆகப்போகிறது, பல நாடுகளின் உணவு, மருந்து ஆய்வு முறைகளில் தயோக்ரோம் இன்னும் இருக்கிறது.

இந்த முறைக்குள் இரண்டு பூட்டுகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தயமின் மட்டுமே இந்த வினையில் இப்படி மாறும். இரண்டு, மாறியதும் அது கூட்டத்தைவிட்டு வேறு அடுக்குக்குப் போய்விடுகிறது. இருட்டில் புதிதாக ஒரு விளக்கு எரிகிறது, அது யாருடைய விளக்கு என்றும் தெரியும். புதிய முறைகளைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பி12க்கு வருவோம். நம் ஊரில் கை கால் மரத்துப்போகிறது என்று போனாலே எழுதித் தரும் மாத்திரை இது. நாளொன்றுக்கு உடலுக்குத் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம். மாத்திரை அட்டையில் 500, 1500 என்று இருக்கும். 1948இல் அமெரிக்காவில் ஃபோல்கர்ஸ் குழுவும் இங்கிலாந்தில் லெஸ்டர் ஸ்மித்தும் தனித்தனியே இதைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இவ்வளவு சிக்கலான மூலக்கூறின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் வரைந்து காட்டிய டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நடுவில் ஒரு கோபால்ட் அணு, அதைச் சுற்றி ஒரு பெரிய கரிம வளையம். கோபால்ட் இருப்பதால்தான் மூலக்கூறு விழுங்கிய ஒளியெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வெப்பமாகப் போய்விடுகிறது. பி12 ஒளியைத் தின்னும், திருப்பித் தராது.

தராத ஒன்றை ஒளியால் எப்படி அளப்பது? வேறு ஒரு விளக்கை ஏற்றி வைத்து, இது எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கார்பன் புள்ளிகள் நுழைகின்றன.

2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கசடில் ஒளிரும் துணுக்குகள் தட்டுப்பட்டன. தேடிப் போனது வேறு, கிடைத்தது வேறு. இரண்டு ஆண்டில் அவற்றுக்குக் கார்பன் புள்ளிகள் என்ற பெயரும் நிலைத்தது. அளவு பத்து நானோமீட்டருக்குள். செய்வதும் சமையல் மாதிரிதான்: பலசரக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தோடு எத்திலீன்டைஅமீன் கலந்து, டெஃப்லான் உள்ளுறை போட்ட எஃகு டப்பாவில் மூடி, 200 டிகிரி அடுப்பில் சில மணிநேரம். திறந்தால் பழுப்புத் திரவம். நீர்த்து ஊதா விளக்கில் காட்டினால் கண்ணைப் பறிக்கும் நீலம். இதேபோல ஒளிரும் இன்னொரு வகை நுண்துகளான, கேட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகள் மாதிரி நச்சு உலோகம் கிடையாது, செலவும் சில்லறை. அதனால்தான் பழச்சாறு, இலை, தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடுப்பில் வைத்து ஆளுக்கொரு கட்டுரை எழுதிவிட்டார்கள். (அந்த நீலத்தின் பெரும்பகுதி புள்ளியிலிருந்து வருவதில்லை, கூடவே உருவாகும் ஒரு சிறு கரிம மூலக்கூறிலிருந்து வருகிறது என்று பிற்பாடு தெரியவந்தது வேறு கதை.)

இந்த நீலப் புள்ளிகளை எரிய வைக்கச் சுமார் 360 நானோமீட்டர் ஒளி வேண்டும். பி12இன் பிரதான வடிவமான சயனோகோபாலமின் மிக அதிகமாகத் தின்பதும் 361 நானோமீட்டரில். இருவருக்கும் ஒரே சாப்பாடு. புள்ளிகள் இருக்கும் கரைசலில் பி12ஐ ஊற்றினால், புள்ளிக்குப் போக வேண்டிய ஒளியை இது வழியிலேயே பிடுங்கிக்கொள்கிறது. நீலம் மங்குகிறது. பி12 கூடக் கூட மங்கலும் கூடும். தெரிந்த அளவுகளை ஊற்றி ஒரு கோடு வரைந்துகொண்டு, பிறகு மாத்திரைக் கரைசலை ஊற்றி, கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் முறை. இப்படி வழிமறித்துத் தின்பதை உள்வடிகட்டி விளைவு என்று சொல்லலாம். அண்ணாச்சி கடையில் நானே அதைப் பார்த்தேன்: ஒரு கேப்சூலுக்குப் பதிலாக நான்கைக் கொட்டியபோது டம்ளர் இன்னும் பிரகாசமாகும் என்று அவர் எதிர்பார்த்தார். டார்ச் படும் ஓரத்தில் மட்டும் எரிந்தது, உள்ளே இருட்டாக இருந்தது. முன்வரிசை மூலக்கூறுகளே ஒளி முழுவதையும் தின்றுவிட்டால் பின்வரிசைக்கு எதுவும் மிஞ்சாது.

இந்தக் கட்டுரைகளில் அடுத்து வருவது ஒரு பெருமை: இத்தனை நானோமோல் வரை எங்கள் உணரி கண்டுபிடிக்கும். நானோமோல் என்றால் மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பி12இன் இன்னொரு வடிவமான மீத்தைல்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் உள்ள மாத்திரை ஒன்றை 100 மில்லி தண்ணீரில் கரைத்தால், லிட்டருக்குச் சுமார் 11,000 நானோமோல் வருகிறது. வாசலில் யானை நிற்கும்போது எறும்பைப் பார்க்கும் கண்ணாடி எதற்கு? மாத்திரையை அளக்க நுண்ணிய உணர்வு ஒரு பிரச்சினையே இல்லை. ஊசிமருந்தில் நிலைமை இன்னும் எளிது. சயனோகோபாலமின் ஊசிமருந்தை மில்லிக்கு 25 மைக்ரோகிராம் வரும்படி நீர்த்து, 361 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கும் சாதாரண நிறமாலை ஒளிமானியில் வைத்தால் 0.52 என்று ஒரு எண் வரும். அதைக் கொண்டு அளவைக் கணக்கிடுவது மருந்துத் தர நூல்களான பார்மகோபியாக்களில் பல ஆண்டுகளாக இருக்கும் முறை. புள்ளி அளப்பதும் அதே 361இல் நடக்கும் அதே உறிஞ்சலைத்தான். நேரே போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஊர் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரி.

மங்கலை அளக்கும் முறையில் இன்னொரு இழப்பும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. பிரகாசமாக எரியும் விளக்கிலிருந்து கொஞ்சம் குறைந்ததா என்று பார்ப்பது, மறுபடி அந்தச் சீரியல் விளக்குத் தோரணத்துக்கே திரும்பிப் போவது. இருட்டின் பலம் போய்விட்டது.

அப்புறம் மிகப் பெரிய கேள்வி. மங்கியது பி12ஆல் என்று எப்படித் தெரியும்?

விளக்கு மங்க நூறு காரணம் உண்டு. சந்தையில் உள்ள ஒரு வகை பி காம்ப்ளக்ஸ் கேப்சூலில் பி2 10 மில்லிகிராம், பி12 15 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருக்கும். மூலக்கூறு எண்ணிக்கையில் ஒரு பி12க்கு எதிரே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பி2. அந்த பி2வும் 360க்குப் பக்கத்தில் நன்றாகவே ஒளி தின்னும், போதாததற்குத் தானே பச்சையாகவும் எரியும். அந்தக் கூட்டத்தில் புள்ளி மங்கியதை வைத்து பி12 இவ்வளவு என்று சொல்வது, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு நம் வீட்டு ஆள் இருமுவதைக் கேட்கப் பார்ப்பது போல. மாத்திரையின் மேல்பூச்சுச் சாயம், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் எல்லாமே ஒளியைத் தின்னக்கூடியவை. வெற்றி கண்டதாகச் சொல்லும் கட்டுரைகளைத் திறந்து பார்த்தால், சோதித்தது பெரும்பாலும் பி12 மட்டும் உள்ள ஊசிமருந்தாகவோ மாத்திரையாகவோ இருக்கும். ஆளில்லாத தெருவில் இருமல் கேட்பது கஷ்டமில்லை.

"ஆனால் ரெக்கவரி 98 முதல் 102 சதவீதம் வந்திருக்கிறதே" என்பார்கள். மாத்திரைக் கரைசலில் தெரிந்த அளவு வைட்டமினைக் கூடுதலாகச் சேர்த்து, கருவி அந்தக் கூடுதலைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் ரெக்கவரி. தேவையான சோதனை; போதுமானதா என்றால் இல்லை. பால்காரர் கேனின் எடையைக் கழிக்க மறந்துவிட்டு மொத்தமாகத் தராசில் வைக்கிறார் என்று வையுங்கள். அதன்மேல் ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் தராசு மிகச் சரியாக ஒரு கிலோ கூட்டிக் காட்டும். ரெக்கவரி நூறு சதவீதம். பாலின் எடை மட்டும் தப்பு. மாத்திரையில் உள்ள வேறு ஏதோ ஒன்று நிரந்தரமாக ஒளியைத் தின்றுகொண்டிருந்தால் ரெக்கவரி அதைக் காட்டிக் கொடுக்காது. வைட்டமின் மட்டும் போடாமல் மற்ற எல்லாத் துணைப்பொருளும் சேர்த்த வெற்று மாத்திரையைக் கரைத்துப் பார்த்தார்களா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

மீத்தைல்கோபாலமினுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. அதில் கோபால்ட்டும் கார்பனும் நேரடியாகக் கைகோத்திருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அந்தப் பிணைப்பு நிமிடங்களில் அறுந்து, பி12இன் வேறொரு வடிவமான ஹைட்ராக்சோகோபாலமினாக மாறிவிடும். ஆய்வகத்தில் இந்தக் கரைசலைப் பழுப்புக் குடுவையில் வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றி, விளக்கைக் குறைத்து வேலை செய்வார்கள். அளக்கும் கருவியே வலுவான ஒளியை அடித்தால் என்ன ஆகும்? அளக்கிற நேரத்திலேயே அளக்கப்படும் பொருள் மாறிக்கொண்டிருக்கும். மாறியதும் ஒளி தின்னும் அலைநீளம் கொஞ்சம்தான் நகரும், 342இலிருந்து 351க்கு. மங்கலைப் பார்க்கும் உணரிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அட்டையில் மீத்தைல் என்று போட்டிருக்கிறது, உள்ளே வெயிலில் கெட்டுப்போன ஹைட்ராக்சோ இருக்கிறது என்றாலும் "பி12 சரியாக இருக்கிறது" என்றே சொல்லும். கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும், ஏமாற்ற முடியாது. அந்தக் கருவி லட்சங்களில் விலை, சுத்தமான கரைப்பான் லிட்டர் லிட்டராக வேண்டும், ஆளும் பழகியிருக்க வேண்டும். எளிய உணரிகளுக்கு இவ்வளவு ஆசைப்படுவதற்கு அதுதான் காரணம், அந்த ஆசையில் தப்பில்லை.

வெளிச்சத்தைத் தேடும் பக்கம் பி12க்கும் ஒரு வழி இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் ரத்தக்கறை தேடத் தெளிப்பார்களே, லூமினால். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து நீல ஒளி தரும். ஆனால் அதைத் தூண்ட ஒரு உலோகம் வேண்டும். ரத்தத்தில் இரும்பு தூண்டுகிறது. கோபால்ட் அதைவிடப் பலே ஆள், மிக மிகச் சிறிய அளவே போதும். பி12ஐ அமிலத்தாலோ ஒளியாலோ உடைத்து உள்ளிருக்கும் கோபால்ட்டை விடுவித்தால் லூமினால் எரியும். இதற்கு விளக்கே வேண்டாம், வேதிவினையே வெளிச்சம்; எனவே பின்னணி முழு இருட்டு. ஆனால் இங்கே பூட்டு பலவீனம். அது பார்ப்பது கோபால்ட்டை, வைட்டமினை இல்லை. தாமிரம், மாங்கனீசு, இரும்பு சேர்த்த "மினரல்ஸ்" மாத்திரையாக இருந்தால் அவையும் ஆளுக்கொரு பங்கு தூண்டிவிடும். முதலில் அவற்றைப் பிரித்து ஒதுக்க வேண்டும்.

வைட்டமின் சி-க்கு ஒரு அழகான முறை உண்டு. மாங்கனீசு டைஆக்சைடின் மெல்லிய தகடுகளைக் கார்பன் புள்ளிகளோடு சேர்த்தால் அவை ஒளியை மூடிவிடும். வைட்டமின் சி வந்ததும் தகட்டைக் கரைத்துவிடும், புள்ளி மறுபடி எரியும். இருட்டிலிருந்து வெளிச்சம், நல்லதுதான். ஆனால் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை அயோடின் கரைசலால் பியூரெட் வைத்து ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். இங்கே நானோ தேவையில்லை.

ஆக, நான் எதை நம்புவேன்? ரிபோஃப்ளேவினுக்கு வந்திருக்கும் இரட்டை நிற உணரி ஒரு நல்ல உதாரணம். நீலப் புள்ளி வெளியிடும் 440ஐ ஒட்டிய ஒளி, ரிபோஃப்ளேவின் தின்னும் 445ஓடு ஒத்துப்போகிறது. புள்ளியும் ரிபோஃப்ளேவினும் பத்து நானோமீட்டர் தூரத்துக்குள் நெருங்கி இருந்தால், புள்ளியின் ஆற்றல் ஒளியாகவே வெளிவராமல் நேரே ரிபோஃப்ளேவினுக்குக் கைமாறும். இடைவெளி இரட்டிப்பானால் இந்தக் கைமாற்றின் வேகம் 64 மடங்கு குறையும், அவ்வளவு கறாரான கணக்கு. நீலம் இறங்கும், அதே நேரம் பச்சை ஏறும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் விளக்கு பழசாகி மங்கியதோ, கரைசல் கொஞ்சம் கலங்கலோ, அதெல்லாம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். வேறு ஏதோ ஒன்று நீலத்தைத் தின்றாலும் பச்சை ஏறாது, உடனே சந்தேகம் வந்துவிடும். நிறம் மாறுவது கண்ணுக்கே தெரிவதால் செல்போன் கேமராவால் படம் பிடித்து அளவைக் கணிக்கவும் முடியும். யார் மங்கவைத்தது என்பதற்கு இதில் ஒரு சாட்சி இருக்கிறது.

பி12க்கும் இப்படிச் சாட்சி தேடும் முயற்சிகள் நடக்கின்றன. அந்த மூலக்கூறை வைத்தே வார்த்து, பிறகு அதைக் கழுவி எடுத்துவிட்ட பாலிமர், அதன் உருவத்துக்கு மட்டுமே பொருந்தும் குழிகளோடு மிஞ்சும். கொழுக்கட்டை அச்சு மாதிரி. அதற்குள் ஒளிரும் புள்ளியை வைத்தால் குழிக்குள் வந்து உட்காருவது மட்டுமே புள்ளியை நெருங்க முடியும். பூட்டு முதலில், விளக்கு பிறகு.

நுண்ணிய உணர்வு நிஜமாகவே தேவைப்படும் இடம் மாத்திரையைத் தாண்டி இருக்கிறது. ரேஷனில் வந்த செறிவூட்டிய அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுப்படி ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம்! பத்து கிராம் அரிசியை அரைத்து நூறு மில்லியில் எடுத்தால் லிட்டருக்கு நூறு பிக்கோமோலைக்கூட எட்டாது. நானோமோல் என்று பெருமைப்பட்ட உணரிகளும் இங்கே கைவிரித்துவிடும். கூடவே இரும்பு. ஒரு பி12 மூலக்கூறுக்கு எட்டு லட்சம் இரும்பு அணுக்கள் என்ற கணக்கில் இருக்கிறது. கார்பன் புள்ளிகளை அணைப்பதில் ஃபெர்ரிக் இரும்பு பேர்போனது. தண்ணீரில் இரும்பைக் கண்டுபிடிக்கவே அந்தப் புள்ளிகளை வைத்துத் தனியாகக் கட்டுரைகள் இருக்கின்றன. அரிசியில் கலப்பது எளிதில் கரையாத இரும்பு உப்பு என்பது ஆறுதல், ஆனாலும் சாறு எடுக்கும்போது எட்டு லட்சத்தில் கொஞ்சம் கரைந்து வந்தாலே போதும்.

அதனால் இந்த அளவுகளுக்கு ஆய்வகங்கள் நம்பும் ஆட்கள் வேறு. பி12ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய குழாயில் சாற்றை ஊற்றி, மற்றதெல்லாம் வடிந்த பிறகு பிடிபட்டதை எச்.பி.எல்.சி.யில் ஏற்றுவது ஒன்று. இன்னொன்று லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியா. பி12 இல்லாமல் வளராத அந்த இனத்தைச் சாற்றில் விட்டு, இரவு முழுக்கக் கதகதப்பில் வைத்து, காலையில் குழாய் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். யான்சனின் நெல்குருவி இன்னும் ஒருவகையில் வேலையில்தான் இருக்கிறது, உருவம் மட்டும் சிறுத்துவிட்டது.